பாண் இல்லாத பனிக்காலமும் தலைக்குள் இறங்கிய மூட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நள்ளிரவில், ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரே பத்திரிகையில் வேலை செய்தவர்கள் நாங்கள். அவர் ஒப்புநோக்குநர். ஈய எழுத்துக் காலத்து மூத்தவர்களிடம் தொழில் பழகியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த செய்தியின் தலைப்பைக்கூட நாள், பக்கத்தோடு சொல்லக்கூடிய நினைவாற்றல் அவருக்கு இருந்தது. அந்த மனிதர் அன்றிரவு சொன்னார்: "மச்சான், தலைக்குள்ள பனி மூடின மாதிரிக் கிடக்குது. நேற்று மகளின்ர பள்ளிக்கூடத்தில என்ர விலாசத்தைக் கேட்டாங்கள். நான் பேந்து பேந்து முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

வயது என்றார்கள் சிலர். போரைப் பார்த்த மனம், இரவு வேலை, கனடாவின் இருண்ட மாரிகாலம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரையும் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தது. அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாதக் கணக்கில் விழுங்கியும் அந்த அளவு ஏறவில்லை. வயிற்றில் அவருக்குப் பெரிதாக ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. கடைசியில் இளம் வைத்தியர் ஒருவர், ஏறாத இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். சீலியாக் என்ற பெயரை நண்பர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அன்றுதான். அவர் சொல்லித்தான் நானும் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு பகுதியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இந்த நோய்க்குப் பெயர் கிரேக்கர் கொடுத்தது. கி.பி. முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்பதோக்கியாவின் அரேத்தேயுஸ் என்ற வைத்தியர், உண்டது செரியாமல் வெளியேறி உடல் தேய்ந்துபோகும் நீண்டகால நோயொன்றை விவரித்து, வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதைக் குறிப்பிட்டார். அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் அந்த விவரணை ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1887 ஒக்டோபரில் இலண்டனில், கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் ஆற்றிய விரிவுரை, மறு ஆண்டு அச்சில் வந்தது. ஒன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளை அதிகம் தாக்கும் இந்த நோய் குணமாகுமென்றால் அது உணவினால்தான் ஆகவேண்டும் என்று அவர் அதில் அறுதியிட்டுச் சொன்னார். அது சரியான வாக்கு. ஆனால் எந்த உணவு?

இங்கேதான் சோறு தின்று வளர்ந்த நமக்குச் சிரிப்பு வரும். மாப்பொருள் குறைய வேண்டும் என்று கருதிய ஜீ, அரிசியும் சவ்வரிசியும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது என்று விலக்கினார். பாணை மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார். மருந்தை விலக்கி நஞ்சை அனுமதித்த கதை. ஒல்லாந்துச் சிப்பிகளை நாள்தோறும் உண்ட ஒரு குழந்தை அதிசயமாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயில் விழுந்ததையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். விடை அவருடைய கண்ணெதிரேதான் இருந்தது. அவர் சிப்பியைப் பார்த்தார், சிப்பி வந்ததால் தட்டிலிருந்து விலகிய பொருளைப் பார்க்கவில்லை.

இதே தவறு கடலுக்கு அப்பாலும் நடந்தது. நியூயோர்க்கின் சிட்னி ஹாஸ் 1924இல் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். பத்துக் குழந்தைகளில் வாழைப்பழம் உண்ட எட்டுப்பேர் தேறினர், உண்ணாத இருவர் இறந்தனர். புவேர்ட்டோ ரிக்கோவில் பாண் அதிகம் தின்னும் நகரவாசிகளுக்கு 'ஸ்புறூ' என்ற வயிற்று நோய் வருவதையும், வாழைப்பழம் தின்னும் விவசாயிகளுக்கு அது வராததையும் அவர் கவனித்திருந்தார். அதிலிருந்து வாழைப்பழம் காக்கிறது என்று முடிவு கட்டினாரே ஒழிய, பாண் கெடுக்கிறதோ என்று அவர் கேட்கவில்லை. அவருடைய முறையால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் குணமாகிவிட்டதாக நம்பி மீண்டும் பாணுக்குத் திரும்பியவர்களின் குடல் பிற்காலத்தில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இடையில் ஒரு சிறு செய்தி. ஹாஸ் பேசிய அந்த 'ஸ்புறூ' நோய்க்குப் பழைய மருத்துவ நூல்களில் 'சிலோன் வாய்ப்புண்' என்றும் ஒரு பெயர் உண்டு. அது வெப்ப நாடுகளுக்குரிய வேறு நோய், கோதுமையோடு தொடர்பற்றது. இருந்தும் இரண்டுக்கும் அடையாளங்கள் ஒன்றுபோலவே இருந்ததால், வளர்ந்தவர்களுக்கு வரும் சீலியாக் நோயை மேற்குலக வைத்தியர்கள் வெகுகாலம் 'வெப்ப நாட்டில் வராத ஸ்புறூ' என்றே அழைத்தார்கள். எங்கள் தீவின் பெயர் இப்படியும் ஒரு நோயின் புறவாசலில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி ஒல்லாந்துக்கு வருவோம். 1944 செப்ரெம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக ஒல்லாந்தின் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக்கிரமித்திருந்த ஜேர்மனியர் அதற்குப் பழிவாங்க மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தார்கள். அந்த மாரியில் கால்வாய்களும் உறைந்தன. அம்ஸ்ரடாமிலும் ஹேக்கிலும் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போயிற்று, சில வாரங்களில் அதிலும் பாதியானது. மக்கள் சீனிக்கிழங்கும் துலிப் பூவின் கிழங்கும் அவித்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். 1990இல் யாழ்ப்பாணத்தின் மீது விழுந்த பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது விளக்கவுரை தேவைப்படாது.

அந்தப் பசிப் பனிக்காலத்தில்தான், ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலையில் ஒரு புதுமை தெரிந்தது. மற்றக் குழந்தைகள் வாட, சீலியாக் நோயுள்ள குழந்தைகள் வாடவில்லை. சிலர் தேறினார்கள். சுவீடனின் மாவில் சுட்ட வெள்ளைப் பாணும், 1945 ஏப்ரல் 29 முதல் நேச நாட்டு விமானங்கள் போட்ட உணவும் வந்து ஊரே கொண்டாடியபோது அதே குழந்தைகள் மீண்டும் நோயில் விழுந்தார்கள். வைத்தியசாலையின் பொறுப்பாளராக இருந்த வில்லெம் கரெல் டிக்கே இதைப் பார்த்து, கோதுமையே காரணம் என்று கண்டுபிடித்தார். கதை இப்படித்தான் உலகமெங்கும் சொல்லப்படுகிறது. பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதைவிட நல்ல தலைப்புச் செய்தி கிடையாது.

ஆனால் கதை முழு உண்மை இல்லை. 1905இல் டோர்ட்ரெக்டில் பிறந்த டிக்கே, போர் தொடங்குவதற்கு முன்பே, 1930களின் நடுப்பகுதியிலேயே கோதுமையை விலக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். பாணை நிறுத்தினால் தன் பிள்ளையின் உடலில் உள்ள தடிப்பு மறைகிறது என்று ஒரு தாய் அவரிடம் சொன்னதாக அவரது வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1941இல், ஆக்கிரமிப்பின் நடுவே, பாணும் ரஸ்க்கும் இல்லாத எளிய உணவுமுறையொன்றை ஒல்லாந்து மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். எனவே பஞ்சம் அவருக்குக் கற்பிக்கவில்லை, அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது. தாயொருத்தியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதும், ஒரு சில குழந்தைகளின் நிறையையும் உயரத்தையும் ஆண்டுக் கணக்கில் குறித்து வைத்ததும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. விமானத்திலிருந்து விழுந்த பாண் ஆகிறது. எங்கள் தொழிலின் குணம் அது.

போருக்குப் பின் டிக்கே, உத்ரெக்ட் நகரின் குழந்தை வைத்தியர் வெய்யர்ஸோடும் வேதியியலாளர் வான் டி காமரோடும் சேர்ந்தார். மலத்தில் வெளியேறும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையொன்றை வான் டி காமர் உருவாக்கியிருந்தார். அழகில்லாத வேலைதான், ஆனால் அந்த அளவுகோல்தான் வாதத்தை முடித்துவைத்தது. கோதுமையும் றை என்ற தானியமும் கொடுத்தால் கொழுப்பு கூடியது. அரிசியும் சோளமும் கொடுத்தால் கூடவில்லை. கோதுமையின் மாப்பொருளைத் தனியே பிரித்துக் கொடுத்தாலும் கூடவில்லை. குற்றவாளி அதன் புரதம், குளூட்டன். இத்தாலியரான பெக்காரி, பிசைந்த மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவிக் கடைசியில் கையில் மிஞ்சும் பசையாக அதை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டியிருந்தார். டிக்கேயின் ஆய்வேடு 1950இல் வந்தது. 1952இல் பர்மிங்ஹாம் வைத்தியர்கள் அதை உறுதிசெய்தார்கள். 1954இல் போலி என்ற ஆங்கிலேய வைத்தியர், சத்திரசிகிச்சையின்போது எடுத்த சிறுகுடல் துண்டில் அதன் உட்சுவர் சிதைந்திருப்பதைக் காட்டினார். டிக்கே 1962இல் காலமானார்.

அதே போர் எங்கள் சமையலறையில் எதிர்த்திசையில் வேலை செய்தது. 1942இல் ஜப்பானியரிடம் பர்மா வீழ்ந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு அட்டைக்குக் கோதுமை மா வந்தது. கோதுமை ஒரு மணிகூட விளையாத தீவில், ஒல்லாந்துக்காரர் பாணை இழந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நாங்கள் பாணுக்குப் பழகினோம். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது, ஆனால் அது சாதாரண வீட்டுக் காலை உணவானது பிற்காலத்தில்தான். அமெரிக்கன் மா என்ற பெயர் நிலைத்தது. அதை அவித்து அரித்துப் புட்டும் இடியப்பமும் செய்யப் பழகினோம். தோசை மாவிலும் உளுந்தோடு அது கலந்தது. தடைக் காலத்தில் வெதுப்பக வாசலில் விடியப்புறம் வரிசையில் நின்று ஒரு இறாத்தல் பாணோடு வீடு திரும்பியவன் வெற்றி வீரன்.

ஆகவே என் நண்பரின் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். "சண்டை நேரம் பாணும் பருப்பும் திண்டுதானே தம்பி உயிர் தப்பினாங்கள்? இது வெள்ளைக்காரற்ற வருத்தமெல்லே?"

இல்லை என்பதே பதில். இந்தியாவில் 23,000க்கு மேற்பட்ட வளர்ந்தவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 0.10 பேரிடமும் இருந்தது. பெரிய வித்தியாசம். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கினரிடம், இருந்தது. வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை: வடக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். சோறு எங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று இதிலிருந்து எண்ணத் தோன்றுகிறது. அந்த மரபணுவோடு ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய், காலையில் பாண், மதியம் சான்ட்விச், இரவு பீட்சா என்று வாழும் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு எவ்வளவு தூரம் போகும்? மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்கே வருகிறது. ஆனாலும் தமிழருக்கு வராது என்ற நம்பிக்கையால், வந்தவர்களைக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது.

வயிற்று நோய்க்கும் தலைக்குள் இறங்கும் மூட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பது இந்த வரலாற்றின் பிந்திய அத்தியாயம், இன்னும் முடியாத அத்தியாயமும்கூட. 1966இல் பர்மிங்ஹாமில் குக்கும் அவரது துணைவரும், சீலியாக் நோயோடு நரம்புக் கோளாறும் கொண்ட 16 பேரை விவரித்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்கரான டோஹன், உலகப்போர்க் காலத்தில் கோதுமை குறைந்த நாடுகளில் மனச்சிதைவு நோய்க்காக வைத்தியசாலையில் சேர்ந்த பெண்களின் தொகையும் குறைந்தது என்று எழுதினார். அவருடைய கருதுகோள் பொதுவிதியாக நிலைபெறவில்லை, ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது. 1996இல் ஷெபீல்ட் நகரின் ஹட்ஜிவாசிலியோ, காரணம் தெரியாத நரம்பு நோயாளர் 53 பேரைச் சோதித்தார். அவர்களில் நூற்றுக்கு 57 பேரிடம் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. இரத்ததானம் செய்தவர்களிடையே அது நூற்றுக்கு 12 மட்டுமே. நடை தள்ளாடும் சிலரின் நோய்க்குக் குளூட்டனே காரணம் என்று அவர் குழு பின்னர் நிலைநாட்டியது.

மூட்டத்தையே நேராக அளந்தது மெல்பேர்ண் ஆய்வு. 2014இல் வெளிவந்த அதில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 11 பேருக்குக் குளூட்டன் இல்லாத உணவு தொடங்கும்போதும், 12 வாரத்திலும், ஓராண்டிலும் சிந்தனைத் திறன் சோதிக்கப்பட்டது. சொல் எடுப்பதிலும் கவனத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. குடலின் உட்சுவர் எவ்வளவு ஆறியதோ அவ்வளவுக்கு மூட்டமும் விலகியது. 11 பேர் சிறு தொகைதான் என்பதை மறக்கக்கூடாது. 2020இல் ஷெபீல்ட் குழு, பிரித்தானிய உயிரியல் தரவுத்தொகுதியிலிருந்து சீலியாக் நோயாளர் 104 பேரை 198 பேரோடு ஒப்பிட்டு, முன்னவர்களின் எதிர்வினை வேகம் குறைவாகவும் மூளையின் வெண்பொருளில் மாற்றங்கள் இருப்பதாகவும் கண்டது. அழற்சியா, குடல் உறிஞ்சத் தவறிய சத்துகளின் குறைவா, எதிர்ப்பொருளின் வேலையா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இணையத்தில் கோதுமையை எல்லா நோய்க்கும் காரணமாக்கி நூல் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களை அவுஸ்திரேலியாவில் 2013இலும் நோர்வேயில் 2018இலும் மறைமுகமாகச் சோதித்தார்கள். முதல் ஆய்வில் குளூட்டனுக்கென்று தனி விளைவு தென்படவில்லை. இரண்டாவதில், கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள புருக்டான் என்ற சர்க்கரைத் தொடரே குளூட்டனைவிட அதிகம் வயிற்றைப் படுத்தியது. அவர்களின் துன்பம் பொய்யல்ல, அவர்கள் சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம். தைரொயிட் கோளாறு, பீ12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே இதே மூட்டத்தைக் கொண்டுவரும்.

என் நண்பர் செய்த தவறும் இதையொட்டியதுதான். வைத்தியர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த கையோடு, இணையத்தில் வாசித்துவிட்டுப் பாணை நிறுத்திவிட்டார். தலை கொஞ்சம் தெளிந்தது. மூன்று மாதம் கழித்து ஆறுதலாகப் போய்ப் பரிசோதித்தால் இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எதிர்ப்பொருள், எதிரி வந்தால்தான் உருவாகும். குளூட்டனை நிறுத்திவிட்டுப் பரிசோதிப்பது, திருடன் போன பிறகு சாட்சி தேடுவது மாதிரி. ஆறு வாரம் மீண்டும் பாண் தின்னச் சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் தான் பட்ட பாட்டை அவர் இன்றும் சொல்வார். வேலைக்குப் போகும் பேருந்தில் இறங்கும் இடம் மறந்து கடைசித் தரிப்பு வரைக்கும் போயிருக்கிறார். பிறகு குடல் துண்டைப் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்தினார்கள்.

மருந்து என்று ஒன்றும் கொடுக்கவில்லை. டிக்கே சொன்ன மருந்துதான் இன்றும்: வாழ்நாள் முழுவதும் கோதுமை, பார்லி, றை மூன்றும் ஆகாது. இரும்புச்சத்து தானாக ஏறத் தொடங்கியது. மூட்டம் ஒரேநாளில் விலகவில்லை. எட்டு ஒன்பது மாதம் எடுத்தது, இடையில் ஒருமுறை திரும்பியும் வந்தது. காரணத்தைத் தேடி வீட்டையே சல்லடை போட்டார்கள். அகப்பட்டது இரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மா கலந்திருந்தது. கடைத் தோசையும் கடை இடியப்பமும் அதே காரணத்தால் விலக்கு. சோயாச் சாறும் அப்படியே.

மாமியார் இப்போது முழுதாக மாறிவிட்டார். அரிசிமாப் புட்டு, குரக்கன் றொட்டி, ஒடியல் கூழ் என்று, பங்கீட்டு அட்டைக்கு முந்திய சமையலறை ஸ்காபரோவில் திரும்ப எழுந்திருக்கிறது. "எங்கட அம்மா ஆக்களுக்கு இந்த மாவே தெரியாது தம்பி" என்று சொல்லிக்கொண்டே கிண்டுகிறாராம். கலியாண வீடுகளுக்கு நண்பர் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு போகிறார். சனம் சிரிக்கிறது, அவர் கவலைப்படுவதில்லை.

இந்தக் கட்டுரையை வெளியிடுமுன் அவருக்கு அனுப்பியிருந்தேன். அன்றிரவே தொலைபேசி வந்தது. டிக்கேயின் ஆய்வேட்டின் ஆண்டை ஓரிடத்தில் 1950 என்றும் இன்னோரிடத்தில் 1951 என்றும் எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்தில் ஒற்று மிகவில்லை, ஒரு பந்தியில் ஹேக்குக்குப் பதிலாக உத்ரெக்ட் என்று விழுந்திருக்கிறது என்றார். எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமலே சொன்னார்.